‘கிருமி இருக்கிறது’ என்றால் என்ன என்பதை வார்டில் தமிழில் விளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி, அவற்றுள் கடைசி 9 ஆண்டுகளைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கழித்து ஓய்வுபெற்றவள் நான். அண்மையில் என் தாயார் மருத்துவமனையில் இருந்த 12 நாள்களும் அவருடைய கட்டிலுக்கு அருகே உட்கார்ந்திருந்தபோது, அத்தனை ஆண்டுகளாக நானே நோயாளிகளிடம் சரியாகச் சொல்லாமல் விட்டுவந்த ஒன்று எனக்கு உறைத்தது. உடலில் கிருமி தங்கியிருப்பது வேறு, அந்தக் கிருமியால் நோய் வருவது வேறு என்ற அடிப்படைச் செய்தி நம் முதியவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லப்படுவதில்லை. அது சொல்லப்படாததால், தொற்றைத் தடுப்பதற்கென்று செய்யப்படும் ஏற்பாடு ஒவ்வொன்றும் அவர்கள் கண்ணுக்கு ஒதுக்கிவைத்தலாகத் தெரிகிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

அம்மாவுக்கு வயது 82. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆறு பேர் படுக்கும் வார்டில் சேர்க்கப்பட்டார். சேர்த்த அன்றே மூக்குத் துவாரத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தார்கள். ஐந்து மாதங்களுக்கு முன்பு திருச்சிக்குப் போயிருந்தபோது, சிறுநீர்த் தொற்றுக்காக அங்கே பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார் என்பதைப் பதிவின்போது நான் சொல்லியிருந்ததால், ஆசனவாயிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் பிற்பகலில் அந்தக் கடைசி மாதிரியின் முடிவு வந்தது. அதற்குள் அம்மாவுக்கு அந்த வார்டில் பேச்சுத்துணை கிடைத்திருந்தது. எதிர்க்கட்டிலில் இருந்த மலாய் மூதாட்டியும் அவரும் பழைய பாசார் மலாயில் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சின் நடுவில் ஓர் இளம் தாதி வந்து, “ஆன்ட்டி, கிருமி இருக்கு, வேற ரூம் போகணும்” என்ற பொருளில் ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் சொல்லிவிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். தனியறையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அறைக்குள் வந்த எல்லாரும் நெகிழி மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “எனக்குப் பெருவியாதியா வந்திருக்கு? எதுக்கு என்னைத் தள்ளி வைக்கிறாங்க?” என்பதுதான்.

அன்று மாலை வழக்கம்போல் உறவினர் வந்தார்கள். வாசலில் இருந்த அறிவிப்பைப் பார்த்ததும் உள்ளே வரத் தயங்கி, ரசம் கொண்டுவந்த ஃபிளாஸ்கை வெளியே இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, கைபேசியில் எனக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், அறிவிப்பில் இருந்த ஆங்கிலச் சொற்கள் யாரையும் பயமுறுத்தும். ஆனால் ஃபிளாஸ்கை நான் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அம்மாவின் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. “ஒண்ணுமில்லைம்மா, ஏதோ கிருமி இருக்காம், அதான்” என்றேன். அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்த கணத்திலேயே, எத்தனையோ தமிழ்த் தாத்தா பாட்டிகளிடம் சீருடையில் நின்றுகொண்டு இதையேதான் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

‘கிருமி இருக்கிறது’ என்பது விளக்கமே ஆகாது, ஏனென்றால் கிருமி இல்லாத மனிதர் ஒருவர்கூட இல்லை. நம் தோலிலும் வாயிலும் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. குடலில் உள்ளவை உணவைச் செரிக்கவும் வைட்டமின் கே தயாரிக்கவும் துணைசெய்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நலமாக இருப்பவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருடைய மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கிறது. நுண்ணோக்கியில் திராட்சைக் குலைபோல் தெரிவதாலும், வளர்ப்புத் தட்டில் பொன்னிறப் புள்ளிகளாக வளர்வதாலும் அதற்கு அந்தப் பெயர் வந்தது. மூக்கில் இருக்கும்வரை அது வெறும் குடியிருப்பு. அதே பாக்டீரியா அறுவை சிகிச்சைப் புண்ணுக்குள்ளோ, கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய் வழியே இரத்தத்துக்குள்ளோ நுழைந்தால், சீழும் காய்ச்சலும் உயிராபத்தும் வரலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன; மருத்துவர்கள் அவற்றைக் கவனமாகப் பிரித்தே பயன்படுத்துகிறார்கள். தமிழில் நோயாளியிடம் பேசும்போது இரண்டையும் ‘கிருமி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முன்னதைக் ‘கிருமி தங்கல்’ என்றும் பின்னதைக் ‘கிருமித் தொற்று’ என்றும் சொல்லிப் பழகினாலே பாதிப் பயம் குறையும் என்பது என் கருத்து.

அம்மாவின் குடலில் கண்டுபிடிக்கப்பட்டது சிபிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகை. ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற சாதாரணக் குடல்வாழ் பாக்டீரியாக்கள்தாம் இவை. ஆனால் மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைச் சுரக்கக் கற்றுக்கொண்டவை. மற்ற ஆண்டிபயாட்டிக்குகள் பலிக்காதபோது மருத்துவர்கள் கையில் எடுக்கும் மருந்துகள் கார்பபெனம் வகையைச் சேர்ந்தவை. அவையும் பலிக்காவிட்டால் மிச்சமிருக்கும் வழிகள் மிகச் சில. இந்த எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையத்தில் அமைந்திருப்பதால், ஒரு பாக்டீரியா தன் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும்கூட, அதைக் கைமாற்றிவிட முடியும். மருந்துக்கும் கிருமிக்குமான இந்தப் பந்தயம் புதிதன்று. மெத்திசிலின் என்ற மருந்து 1959-இல் புழக்கத்துக்கு வந்தது. அதை எதிர்த்து நிற்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் 1961-லேயே பிரிட்டனில் பதிவாகிவிட்டது. இன்று வார்டுகளில் எம்ஆர்எஸ்ஏ என்று சொல்லக் கேட்கிறோமே, அது அந்த வகைக் கிருமிதான்.

இங்கே நம் சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. கார்பபெனத்தை வெட்டும் நொதிகளில் ஒன்றுக்குப் புதுடில்லியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டு, 2009-இல் அது பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளியானபோது இடப்பட்ட பெயர் அது. ஒரு நகரத்தின் பெயரைக் கிருமியின் நொதிக்கு வைத்தது குறித்து இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மனக்கசப்பு எனக்கும் புரிகிறது. இத்தகைய கிருமிகள் உலகெங்கும் பல நாடுகளில் இருக்கின்றன, இதில் எந்த ஊரும் தனிக் குற்றவாளி இல்லை. ஆனால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சிகிச்சைக்கும் தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறவர்கள் நம்மில் ஏராளம். அங்கு உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் படுத்தவர், இங்கு வந்து இன்னொரு மருத்துவமனையில் சேரும்போது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘சொன்னால் ஊரைப் பற்றி மட்டமாக நினைப்பார்கள்’ என்று தயங்கியவர்களையும், ‘தனியறையில் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்து மறைத்தவர்களையும் பணியில் இருந்தபோது நான் கண்டிருக்கிறேன். இந்தியா என்று மட்டும் இல்லை. வேறு எந்த நாட்டு மருத்துவமனையில் இருந்திருந்தாலும் சொல்ல வேண்டிய தகவல்தான் அது.

அம்மா நலமாக இருக்கும்போது எதற்காகத் தனியறை? அம்மாவின் எதிர்க்கட்டிலில் இருந்த மூதாட்டிக்குச் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் இருந்தது. அவருக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்குச் சிறுநீர்க்குழாய் பொருத்தியிருந்தார்கள். வீட்டில் இருக்கும் ஒருவருடைய தோல் ஒரு முழுமையான மதில். மருத்துவமனையில் இருப்பவர்களுடைய மதிலிலோ நாமே மருத்துவத்துக்காகப் பல துளைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். அந்த ஆறு பேருக்கும் கழிப்பறை ஒன்று. குடலில் தங்கும் கிருமி மலத்தோடு வெளியேறி, கழிப்பறையின் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், கட்டிலின் பக்கக்கம்பி, திரைச்சீலை என்று கைகளின் வழியே நடைபோடுகிறது. கிருமிக்குக் கால் கிடையாது. நம் கைதான் அதற்கு வாகனம். நல்ல சூட்டில், நல்ல உணவு கிடைத்தால் ஓர் ஈகோலை 20 நிமிடத்தில் இரண்டாகிறது. அந்த வேகத்திலேயே போனால் 7 மணி நேரத்தில், அதாவது ஒரு தாதியின் வேலைமுறை முடிவதற்குள், ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அம்மாவுக்குத் தனிக் கழிப்பறை கொடுக்கப்பட்டது மற்ற ஐவரின் பாதுகாப்புக்காக. இதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அந்த முதல் இரவு அவர் அழுதிருக்க மாட்டார்.

மேலங்கி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் குடும்பத்தினர் மிகுதியாகக் குழம்புகிறார்கள். “மேலங்கி போடுகிற டாக்டர் முகக்கவசம் போடவில்லை, இவர்களுக்கே ஒழுங்காகத் தெரியவில்லை” என்று ஒரு நோயாளியின் மகன் என்னிடம் ஒருமுறை கோபப்பட்டார். அவருடைய கவனிப்பு சரி, முடிவுதான் தவறு. கிருமி எந்த வழியில் பயணிக்கிறதோ அந்த வழியைத்தான் அடைக்க வேண்டும். சிபிஇ, எம்ஆர்எஸ்ஏ போன்றவை முக்கியமாகத் தொடுவதால் பரவுகின்றன. அதனால் உடையையும் கையையும் மூடுகிறோம். சளிக்காய்ச்சல் கிருமி இருமலிலும் தும்மலிலும் தெறிப்பதால் முகக்கவசம் வேண்டும். காசநோய்க் கிருமி காற்றில் நெடுநேரம் மிதக்கும் தன்மையுடையது. அதற்கு என்95 முகக்கவசமும், அறைக்காற்று நடைபாதைக்குக் கசியாதபடி உள்ளிழுக்கும் காற்றழுத்த அமைப்பும் வேண்டும். நோய்க்கு ஏற்ற மருந்துபோல, கிருமிக்கு ஏற்ற தடுப்பு.

வழி தெரியாத கிருமி என்ன செய்யும் என்பதை இந்நாடு 2003-இல் பார்த்துவிட்டது. கடும் சுவாச நோயான சார்ஸ் அப்போது 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைக் கொண்டுபோனது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் மருத்துவப் பணியாளர்கள். டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த அந்த மாதங்களில் தாதிச் சீருடையோடு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுந்து போவார். மின்தூக்கியில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள். நான் வேறு மருத்துவமனையில் பணியில் இருந்தேன், எனக்கும் அது நடந்தது. வீட்டுக்கு மாற்றுடையில் வரத் தொடங்கினேன். தள்ளிவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், கதவில் அறிவிப்பு ஒட்டிய அறைக்குள் இருந்த முதியவர்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்காமல் போனது என் தவறு என்று இப்போது உணர்கிறேன். சார்ஸுக்குப் பிந்திய ஆண்டுகளில் எத்தனையோ மாறிவிட்டன. 330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் 2019-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டு, அடுத்த சில மாதங்களிலேயே கொவிட்-19 வந்தபோது நாட்டைத் தாங்கி நின்றது. கட்டடமும் கருவியும் வளர்ந்த அளவுக்கு, வார்டில் நோயாளியின் தாய்மொழியில் பேசும் பேச்சு வளரவில்லை.

பொறுப்பு வருகையாளர்களுக்கு மட்டும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடனடிச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும் 100 பேரில், வளர்ந்த நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுகிறது; கைச்சுத்தமும் மற்ற எளிய நடைமுறைகளும் ஒழுங்காக இருந்தால் அவற்றில் 70 விழுக்காட்டைத் தடுத்துவிடலாம் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. இந்நாட்டிலும் 2015-இல் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக நோயாளிகளில் 25 பேருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி தொற்றிய நிகழ்வை ஆராய்ந்த சுயேச்சைக் குழு, தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் இருந்த இடைவெளிகளைச் சுட்டிக்காட்டியது. எனவே, உங்களைத் தொட வரும் மருத்துவரிடமோ தாதியிடமோ “கை சுத்தம் செய்துவிட்டீர்களா?” என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நல்ல பணியாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கைச்சுத்தத்தைப் பற்றி எனக்கு நம்பிக்கை வந்தது பாடநூலால் அன்று, ஒரு தட்டால். பயிற்சிக் காலத்தில், கிருமி வளர்ப்பதற்கான, இரத்தம் கலந்த செந்நிற அகார் கூழ் நிரப்பிய வட்டத் தட்டு ஒன்றை எங்களிடம் கொடுத்து, அதை மூன்று பகுதிகளாகக் கோடு போட்டுப் பிரித்து, முதல் பகுதியில் கழுவாத விரலையும், இரண்டாவதில் வெறும் தண்ணீரில் அலசிய விரலையும், மூன்றாவதில் சோப்பு போட்டு ஒழுங்காகத் தேய்த்துக் கழுவிய விரலையும் அழுத்தச் சொன்னார்கள். 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்து மறுநாள் மூடியைத் திறந்தபோது, முதல் பகுதியில் வெண்மையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முத்து முத்தாக எழுந்து நின்றன. அதில் என் விரல்ரேகையின் வடிவம்கூடத் தெரிந்தது. எனக்கு வியப்பளித்தது நடுப்பகுதி. தண்ணீரில் மட்டும் அலசிய விரலின் தடமும் ஏறத்தாழ அதே அளவு நிறைந்திருந்தது. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். சாப்பிடுமுன் குழாயடியில் ஒரு நொடி கையை நனைத்துவிட்டு வருகிற என் தம்பியை அந்த வாரக்கடைசியில் நான் விட்டுவைக்கவில்லை.

வார்டு வாசலிலும் கட்டிலின் கால்மாட்டிலும் வைத்திருக்கும் ஆல்கஹால் கைத்தேய்ப்பானை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று 20 முதல் 30 விநாடிவரை தேய்த்துக் காயவிட்டால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அழிந்துவிடும். ஆல்கஹால் அவற்றின் மேலுறையைக் கரைத்துப் புரதங்களை உருக்குலைக்கிறது. அதற்குச் சிறிது தண்ணீரும் வேண்டும் என்பதால்தான், கலப்பில்லாத ஆல்கஹாலைவிட 70 விழுக்காட்டுக் கரைசல் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அது போதாது. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா கெட்டியான ஓடு கொண்ட வித்துகளை உண்டாக்குகிறது. ஆல்கஹால் அந்த ஓட்டைத் துளைக்காது. நோரோவைரஸும் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது. அத்தகைய நோயாளியின் அறையிலிருந்து வெளியே வரும்போதும், கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்போதும், சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. அதற்கு 40 முதல் 60 விநாடி ஆகும்.

கையுறையை நம் மக்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். உணவங்காடியில் கையுறை போட்டுக்கொண்டே காசு வாங்கி, அதே கையுறையோடு ரொட்டியை எடுத்துத் தருபவரைப் பார்த்து ‘சுத்தமான கடை’ என்று சொல்வதுபோல், வார்டிலும் கையுறை மாட்டியவர் சுத்தமானவர் என்று நினைத்துக்கொள்கிறோம். கையுறைக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படலாம். அதற்குள் கை வியர்த்து, கிருமி வளர ஏற்ற ஈரமும் சூடும் உண்டாகின்றன. போடுமுன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. அறையை விட்டு வெளியேறும் வாசலிலேயே அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும்; அதே கையுறையோடு மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறவர் கிருமியை அடுத்த மாடிக்கு அழைத்துப்போகிறார்.

நம் வழக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதும், தலையைத் தடவுவதும், நெற்றியில் திருநீறு பூசுவதும் நம் அன்பின் மொழி. அதைக் கைவிடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நம் அம்மாவுக்குப் பூசிய விரலோடு பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் பூசிவிடுகிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் கையைத் தேய்த்துக்கொள்ள 20 விநாடிதான் ஆகும். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்வது பலருக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டில் கம்பியையும் மேசையையும் மட்டும் தொட்டாலும் அது வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் உட்காரலாம். ரசமும் இட்டிலியும் தாராளமாகக் கொண்டுவரலாம், தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

ஊரிலிருந்து வரும் பெட்டியில் முறுக்கோடும் ஊறுகாயோடும் ஆண்டிபயாட்டிக் அட்டைகளும் வருகின்றன. இங்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத அம்மருந்தை அலமாரியில் சேர்த்துவைத்து, வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துவது, நம் குடலில் இருக்கும் பலவீனமான பாக்டீரியாக்களைக் கொன்று, எதிர்ப்பாற்றல் உள்ளவற்றுக்கு இடம் காலிசெய்து கொடுப்பதாகும். என் அம்மாவின் அலமாரியிலும் மூன்று அட்டைகள் இருந்தன. நான் தாதியாக இருந்தும் அதுவரை திறந்து பார்த்ததில்லை.

அம்மாவின் மனத்தை மாற்றியது யார் என்பதைச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் தாதி தமிழ்நாட்டுப் பெண். மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “பாட்டி, உங்க வீட்டுத் திண்ணையில ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கான். வீட்டுக்குள்ள வரல. உங்க கதவு கெட்டியா இருக்கு, அவனால உங்களுக்கு இப்போ ஒரு தொல்லையும் இல்ல. ஆனா நீங்க இருந்த அந்த ரூம்ல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் கதவு உடைஞ்சு கிடக்கு. அவன் அங்க தாவிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் உங்களை இங்க கூட்டிட்டு வந்திருக்கோம்” என்றார். அம்மா திரும்பிப் பார்த்தார். “அப்போ அந்த மலாய்க்கார அம்மாவுக்காகத்தான் நான் இங்க இருக்கேனா?” என்று கேட்டார். “ஆமாம் பாட்டி, அவங்க கால் புண்ணுக்காக” என்று பதில் வந்தது. இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் முதல், கையைத் தேய்க்காமல் உள்ளே வந்த எவரையும் அம்மா கட்டிலுக்கு அருகே விடவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

வியன்னாவில் 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரல் மாதத்தில் 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அப்படியிருந்தும் பல மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. ‘உங்கள் கையால்தான் இவர்கள் இறந்தார்கள்’ என்ற குற்றச்சாட்டாகவே அது அவர்கள் காதில் விழுந்தது. அவரும் தம் கண்டுபிடிப்பை முழுமையாக நூலாக வெளியிட 1861 வரை காலம் எடுத்துக்கொண்டார். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைக் கைகழுவலின் பெருமைக்காகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். விளக்கம் சேராத விதி எப்படிப் போய் விழும் என்பதற்கும் அது சான்று என்று இப்போதுதான் படுகிறது.

ஆகவே மருத்துவமனைகளிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. கிருமி தங்கியிருப்பதாக முடிவு வந்து ஒருவரை இடம் மாற்றும்போது, அவர் கையில் ஆங்கிலத்தாளோடு அவருடைய மொழியில் ஒரு தாளும் கொடுங்கள். தமிழ் பேசும் பணியாளர் ஒருவர் அந்த வேலைமுறையில் இல்லாவிட்டால் தொலைபேசியிலாவது ஒருவரைப் பேசவையுங்கள். எங்களுக்குக் கிடைத்த தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வாசிக்க முடியாத பெரியவர்களுக்காக, கட்டிலைத் தள்ளுமுன் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள். தாதியர் எவ்வளவு நெருக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் நன்கு அறிவேன். ஆனால் பயந்துபோன முதியவர் இரவெல்லாம் மணியடிப்பதால் போகும் நேரம் அதைவிட அதிகம்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியதாக நான் ஒரு வாசகத்தை எழுதிப் பார்த்தேன். “உங்கள் உடலில் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு பாக்டீரியா தங்கியிருக்கிறது. அதனால் உங்களுக்கு இப்போது நோய் இல்லை. புண்ணும் குழாயும் உள்ள மற்ற நோயாளிகளுக்கு அது பரவாமல் இருக்கவே உங்களுக்குத் தனியறை தரப்படுகிறது. உங்கள் குடும்பத்தினர் வந்து பார்க்கலாம், தொடலாம். வரும்போதும் போகும்போதும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். வீட்டுக்குப் போன பின் எப்போதும்போல் சமைக்கலாம், சேர்ந்து உண்ணலாம், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள்” என்பது அது. அம்மா இருந்த மருத்துவமனைக்கு அதை அனுப்பிவைப்பதற்குமுன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமாங்கறதை ஏன் கடைசியில போட்டிருக்க? எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க” என்றார். அந்த வரியை மேலே ஏற்றி, அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன், சிங்கப்பூர்